ஆறு பேர் அணியும் நூறு மைல் பேருந்தும்: அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிகளின் விளையாட்டுக் கூட்டணிகள் எப்படி இயங்குகின்றன?

அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் வெளிவரும் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். ஏதோ ஒரு சிற்றூரின் உயர்நிலைப்பள்ளி தான் இதுவரை இருந்த ‘கான்ஃபரன்ஸ்’ஸிலிருந்து விலகி வேறொன்றில் சேர விண்ணப்பித்திருக்கும், அதைப் பற்றிப் பேசப் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஊரே திரண்டிருக்கும். நூறு மாணவர்கூட இல்லாத ஒரு பள்ளி யாருடன் பந்தாடுவது என்பதற்கு இவ்வளவு கொந்தளிப்பு ஏன் என்று வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு விளங்குவதில்லை. மருத்துவர் பற்றாக்குறையுள்ள சிற்றூர்களில் மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டு அங்கே குடியேறிய இந்திய மருத்துவர் குடும்பங்கள் பல உண்டு. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்தச் சொல் அவர்கள் காதில் விழுந்துவிடும், ஆனால் அதன் பொருளை உட்கார்ந்து விளக்கிச் சொல்வார் இருப்பதில்லை. அது என்ன, எதற்காக ஏற்பட்டது, ஒரு பள்ளி விலகினால் மற்றப் பள்ளிகளுக்கு என்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

நமக்குக் குழப்பம் தருபவை மூன்று சொற்கள்.

1. கான்ஃபரன்ஸ் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மாநாடு. பள்ளி விளையாட்டில் இந்தச் சொல் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பதில்லை. ஒருவரோடொருவர் ஆண்டுதோறும் விளையாடுவதாக ஒப்புக்கொண்ட பள்ளிகளின் நிலையான கூட்டமைப்பே கான்ஃபரன்ஸ். இக்கட்டுரையில் அதைக் ‘கூட்டணி’ என்று குறிப்பிடுகிறேன்.

2. அத்லெடிக் என்பதைத் தமிழில் தடகளம் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அமெரிக்கப் பள்ளி வழக்கில் அந்தச் சொல்லுக்குள் கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, மல்யுத்தம், தடகளம் என எல்லா விளையாட்டுகளும் அடங்கும்.

3. கால்பந்து என்று அங்கே சொல்வது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். இனிவரும் பகுதிகளில் கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தையே குறிக்கும்.

மூன்று அடுக்குகள்

ஒரு சிற்றூர்ப் பள்ளி அணி ஒரே சமயத்தில் மூன்று அமைப்புகளுக்குள் நிற்கிறது. செய்திகளைப் படிப்பவர்கள் வழிதவறுவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துகொள்வதே காரணம்.

மேலே இருப்பது மாநிலச் சங்கம். மாணவரின் தகுதி விதிகள், வயது வரம்பு, பயிற்சி தொடங்கும் நாள், மாநில வெற்றியாளர் போட்டி ஆகியவற்றை அது முடிவு செய்கிறது. இந்த மாநிலச் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக, 1920இல் தொடங்கப்பட்டு இன்று இண்டியானாபொலிஸிலிருந்து இயங்கும் தேசியக் கூட்டமைப்பு ஒன்றும் உண்டு. அது ஆட்ட விதிகளை எழுதுமே தவிர, தேசிய அளவில் வெற்றியாளர் போட்டி நடத்துவதில்லை. ஓர் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி அணிக்கு மாநிலப் பட்டமே உச்சம்.

அடுத்தது வகுப்பு. மாணவர் எண்ணிக்கையை வைத்து மாநிலச் சங்கம் பள்ளிகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. நெப்ராஸ்காவில் பெரிய பள்ளிகள் ‘ஏ’ வகுப்பிலும் மிகச் சிறியவை ‘டி’ வகுப்பிலும் இருக்கின்றன. மொன்டானாவில் மிகச் சிறியவை ‘சி’ வகுப்பு. சிறிய பள்ளியும் பெரிய பள்ளியும் ஒரே பட்டத்துக்கு மோதக் கூடாது என்பதே இந்தப் பிரிவினையின் நோக்கம். ஆனால் இண்டியானா மாநிலம் கூடைப்பந்துக்கு 1997 வரை வகுப்பே வைத்துக்கொள்ளவில்லை. 161 மாணவர் படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, 1954ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்றது. பாபி பிளம்ப் என்ற மாணவர் கடைசி நொடிகளில் எறிந்த பந்தை அந்த மாநிலம் இன்றும் பேசுகிறது. அது அத்தனை பெரிய நிகழ்வாக நிலைத்ததற்குக் காரணம், அப்படி ஒன்று நடப்பது அவ்வளவு அரிது என்பதுதான்.

மூன்றாவது அடுக்குதான் கூட்டணி. மாநிலச் சங்கம் மேலிருந்து விதிப்பது வகுப்பு. பள்ளிகள் தாமாகக் கூடி அமைத்துக்கொள்வது கூட்டணி. அதற்கென்று ஒரு சட்டதிட்டம், ஆண்டுச் சந்தா, பள்ளிக்கு ஒரு வாக்கு, சுழற்சி முறையில் தலைவர் என்ற ஏற்பாடுகள் இருக்கும். பள்ளி முதல்வர்களும் விளையாட்டு இயக்குநர்களும் ஏதாவது ஒரு பள்ளியின் நூலக அறையில் கூடி முடிவெடுப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் அலுவலகம் சிறிய கூட்டணிகளுக்குக் கிடையாது.

டெக்சஸைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கே பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், வகுப்பைத்தான் கான்ஃபரன்ஸ் என்கிறது. 1ஏ முதல் 6ஏ வரை ஆறு கான்ஃபரன்ஸ்கள். அவற்றுக்குள் யார் யாருடன் விளையாடுவது என்பதை இரண்டாண்டுக்கு ஒருமுறை லீக்கே ‘டிஸ்ட்ரிக்ட்’களாகப் பிரித்து அறிவிக்கிறது. அங்கே பள்ளிகள் தம் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அயோவா போன்ற சில மாநிலங்கள் கால்பந்துக்கு மட்டும் இப்படி மேலிருந்து பிரித்துக்கொடுத்துவிட்டு, மற்ற ஆட்டங்களைக் கூட்டணிகளின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன.

பள்ளிகள் ஏன் இவ்வளவு சிறியவை?

இதற்கான விடை நிலத்தில் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 155 ஏக்கர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பண்ணைகள் 19 லட்சமாகக் குறைந்து, சராசரிப் பரப்பு 463 ஏக்கராக உயர்ந்துவிட்டது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரிதாகப் பெரிதாக, முன்பு மூன்று குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழத் தொடங்கியது. மற்ற இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலிருந்து மறைந்தார்கள். தெற்கு நெப்ராஸ்காவிலுள்ள தேயர் மாவட்டத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 14,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று அங்கே இருப்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்.

மக்கள் குறைந்ததோடு பள்ளிகளும் இணைக்கப்பட்டன. 1939-40இல் அமெரிக்காவில் 1,17,000 பொதுப்பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பள்ளி மாவட்டம் என்பது தனக்கென்று வரி விதிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் வைத்துக்கொள்ளவும் அதிகாரம் பெற்ற கல்வி அமைப்பு. இன்று அவற்றின் எண்ணிக்கை சுமார் 13,000. அருகருகே இருந்த பள்ளிகள் முதலில் இணைந்தன, பிறகு தொலைவில் இருந்தவையும் இணைந்தன. எஞ்சி நிற்கும் பள்ளிகள் மாணவர் எண்ணிக்கையில் சிறியவையாகவும், ஒன்றுக்கொன்று நெடுந்தூரத்திலும் இருப்பதற்கு இதுவே காரணம். கூட்டணி என்ற ஏற்பாடு முழுவதும் இந்த இரண்டு எண்களைச் சமாளிப்பதற்காகத்தான்: எத்தனை மாணவர், எத்தனை மைல்.

ஆட்டத்தையே சுருக்கிய ஊர்

முழுக் கால்பந்து அணிக்குக் களத்தில் 11 பேர் வேண்டும். பயிற்சியில் எதிரே நிற்க இன்னும் 11 பேர் வேண்டும். காயம் படுபவர்களையும் கணக்கில் கொண்டால் முப்பது பேராவது இல்லாமல் ஒரு பருவத்தை ஓட்டுவது கடினம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அறுபது மாணவர் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், அதில் சுமார் முப்பது பேர் ஆண்கள். அவர்களில் பாதிப் பேர் விளையாட வந்தாலும் 15 பேர்தான்.

1930களின் பொருளாதார மந்தத்தில் இதே கணக்குக்கு முன்னால் நின்ற பல சிற்றூர்ப் பள்ளிகள் கால்பந்தைக் கைவிட்டன. தேயர் மாவட்டத்தின் செஸ்டர் என்ற ஊரில் பயிற்சியாளராக இருந்த ஸ்டீபன் எப்ளர், மாணவர் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்றால் ஆட்டத்தைச் சுருக்கலாமே என்று எண்ணி, ஆறு பேர் ஆடும் கால்பந்துக்கு விதிகளை எழுதினார். அதன் முதல் ஆட்டம் 1934 செப்டம்பர் 27 அன்று, ஹெப்ரான் என்ற ஊரின் கல்லூரி மைதானத்தில் மின்விளக்கொளியில் நடைபெற்றது. ஹார்டி, செஸ்டர் ஆகிய இரண்டு ஊர்களும் சேர்ந்து அமைத்த அணி ஒருபுறமும், பெல்விடியர், அலெக்ஸாண்ட்ரியா ஆகிய இரண்டு ஊர்களும் சேர்ந்து அமைத்த அணி மறுபுறமும் நின்றன. ஆட்டம் 19-19 என்று சமனில் முடிந்தது. ஆறு பேர் ஆட்டத்தின் முதல் நாளிலேயே, தனித்து ஓர் அணியை நிறுத்தும் நிலையில் அந்த நான்கு ஊர்களில் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த விதிகள் பெருமளவு அப்படியே இன்றும் ஆடப்படுகின்றன. களம் 100 கெஜ நீளத்திலிருந்து 80 கெஜமாகவும், அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேலிருந்து 40 கெஜமாகவும் குறைகிறது. பந்தைத் தக்கவைத்துக்கொள்ள 10 கெஜத்துக்குப் பதிலாக 15 கெஜம் முன்னேற வேண்டும். பதினோரு பேர் ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் கனத்த பையன்கள் பலருக்குப் பருவம் முழுவதும் பந்தைத் தொடும் வாய்ப்புக் கிட்டாமலே போகலாம். இங்கே ஆறு பேரும் எறிந்த பந்தைப் பிடிக்கலாம். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தும் ‘களக் கோல்’ அங்கே மூன்று புள்ளி தரும், இங்கே நான்கு புள்ளி, ஏனென்றால் உதைப்பவருக்குக் காவலாக நிற்க ஆள் குறைவு. ஆட்டத்தின் நடுவிடைவேளையிலோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிக்கப்படும். திறந்த களமும் குறைந்த ஆட்களுமாக இருப்பதால் புள்ளிகள் கொட்டும். வலுவில் ஏற்றத்தாழ்வுள்ள இரண்டு அணிகள் மோதினால் அரை மணி நேரத்தில் ஆட்டம் கைமீறிப் போகும். ஆகவே, ஏறத்தாழச் சம வலுவுள்ள எதிரணிகள் கிடைப்பது சிறிய பள்ளிக்கு வசதி சார்ந்த விஷயமாக மட்டும் இல்லை. பதினான்கு வயதுப் பையன் பதினெட்டு வயதினரோடு மோதும் களத்தில் அது உடல்நலம் சார்ந்த விஷயமும்கூட.

டெக்சஸில் ஏறத்தாழ 105 மாணவருக்குக் குறைந்த பள்ளிகள் இந்த ஆட்டத்தை ஆடுகின்றன. நெப்ராஸ்கா, மொன்டானா உள்ளிட்ட மாநிலங்களில் சற்றே பெரிய பள்ளிகளுக்கென்று எட்டுப் பேர் ஆட்டமும் உண்டு. ஒரே கூட்டணிக்குள் ஒரு பள்ளி எட்டுப் பேர் ஆட்டத்திலும் இன்னொன்று ஆறு பேர் ஆட்டத்திலும் இருந்தால், கூடைப்பந்தில் பங்காளிகளாக இருக்கும் அவ்விரு பள்ளிகளும் கால்பந்தில் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. கூட்டணிகளில் விரிசல் விழத் தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கூட்டணி என்ன தருகிறது?

பட்டமும் கோப்பையும் இரண்டாம் பட்சம். முதன்மையாகக் கூட்டணி தருவது ஓர் அட்டவணை. இதை எண்களில் வைத்துப் பார்த்தால்தான் விலகல் செய்திகளின் கனம் புரியும்.

கூட்டணியில் 8 பள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற ஏழுடனும் ஒருமுறை ஆடினால் மொத்தம் 28 ஆட்டங்கள். எட்டு இரட்டைப்படை எண் என்பதால் ஏழே வாரங்களில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு ஆட்டங்களாக, யாரும் சும்மா இருக்காமல் இது முடிந்துவிடும். பருவத்தின் மீதி ஓரிரு வாரங்களுக்கு மட்டும் விளையாட்டு இயக்குநர் வெளியே எதிரணி தேட வேண்டும்.

ஒரு பள்ளி விலகுகிறது. இப்போது 7 பள்ளிகள், 21 ஆட்டங்கள். ஏழு ஒற்றைப்படை எண் என்பதால் வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள்தான் நடக்கும்; ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு பள்ளி ஆட்டமின்றி இருக்கும். அந்தப் பள்ளி அந்த வாரத்துக்கு வெளியே எதிரணி தேடினால், சுற்றியுள்ள மற்றக் கூட்டணிகளின் பள்ளிகள் எல்லாம் தத்தம் கூட்டணி ஆட்டங்களில் இருக்கும். கிடைப்பவர் இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பார், அல்லது கிடைக்கவே மாட்டார். சொந்த மண்ணில் நடக்க வேண்டிய ஓர் ஆட்டம் குறைந்தால் நுழைவுச்சீட்டு வருமானமும், ஆட்டத்தன்று பெற்றோர் நடத்தும் தின்பண்டக் கடையின் வருமானமும் குறையும். அந்தக் கடையில் விற்ற காசில்தான் பல ஊர்களில் அடுத்த ஆண்டுச் சீருடை வாங்குகிறார்கள். ஒரு பள்ளியின் விலகல் மீதி ஏழு பள்ளிகளின் வரவுசெலவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

கூடைப்பந்தில் கணக்கு இன்னும் நெருக்கமானது. ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் ஒரே மாலையில், ஒரே எதிரணிப் பள்ளியுடன், அடுத்தடுத்து நடக்கும்படிதான் சிற்றூர்க் கூட்டணிகள் அட்டவணை போடுகின்றன. இதனால் ஒரு பேருந்து, ஓர் ஓட்டுநர், ஒரு நடுவர் குழு, ஒரு மாலை போதும். எந்தப் பள்ளியிலாவது பெண்கள் அணிக்கு ஆள் சேரவில்லை என்றால் அந்த மாலை முழுவதும் குலைகிறது.

நூறு மைல் என்பது 160 கிலோமீட்டர். மாலை ஆட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்கே பேருந்து புறப்பட்டாக வேண்டும்; அதாவது கடைசி இரண்டு பாடவேளைகள் போயின. சிறிய பள்ளியில் அணியிலிருப்பவர்கள் வகுப்பின் பாதிப் பேர் என்பதால், மீதிப் பாதிக்கு மட்டும் ஆசிரியர் புதிய பாடம் நடத்த முடியாது. பல ஊர்களில் பயிற்சியாளரே பேருந்து ஓட்டும் உரிமம் வைத்திருப்பார். அவரே மறுநாள் காலை வரலாறோ அறிவியலோ நடத்த வேண்டியவர். ஆட்டம் முடிந்து, பனிக்காற்றில் திரும்பி, பள்ளி வாசலில் வண்டி நிற்கும்போது நள்ளிரவாகியிருக்கும். அங்கிருந்து பண்ணைவீட்டுக்கு இன்னும் இருபது மைல் தாமே வண்டி ஓட்டிச் செல்லும் பிள்ளைகளும் உண்டு. நாற்பது மைலுக்குள் இருக்கும் எதிரணிக்கும் நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் எதிரணிக்கும் உள்ள வேறுபாடு ஒரு பிள்ளையின் தூக்கத்தில் தெரியும்.

விளையாட்டுக்கு வெளியேயும் கூட்டணி வேலை செய்கிறது. பேச்சுப் போட்டி, ஒருநாடகப் போட்டி, வினாடி வினா, இசைக்குழு விழா, ஓவியக் கண்காட்சி என்று பலவற்றையும் இதே பள்ளிகள் தமக்குள் நடத்துகின்றன. பத்துப் பேர் கொண்ட பாடற்குழு தனியே மேடையேறினால் காற்றில் கரைந்துபோகும். எட்டுப் பள்ளிகளின் பாடற்குழுக்கள் சேர்ந்து, வெளியிலிருந்து வந்த இசை இயக்குநர் ஒருவரின்கீழ் ஒருநாள் முழுவதும் பயின்று மாலையில் பாடும்போது, தம் குரல் ஒரு பெரிய ஒலிக்குள் இருப்பதை அந்தப் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்கிறார்கள். கூட்டணி குலையும்போது செய்தியில் கால்பந்து மட்டுமே பேசப்படுகிறது. இதுவும் சேர்ந்தே போகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

அயோவாவின் பெண்கள்

சிற்றூர்ப் பள்ளிகள் பெரிய பள்ளிகளின் நிழலில் நிற்பவை என்று எண்ணுவோருக்கு அயோவாவின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1925இல் அந்த மாநிலத்தின் விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான போட்டியைக் கைவிட முடிவெடுத்தபோது, அதை ஏற்காத சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் தனியே பிரிந்து பெண்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். நகரப் பள்ளிகள் பல பெண்கள் விளையாட்டைக் கண்டுகொள்ளாதிருந்த ஆண்டுகளில், அயோவாவின் சிற்றூர்கள் அதைத் தாங்கிப் பிடித்தன. அவர்கள் ஆடியது அணிக்கு ஆறு பேர் கொண்ட கூடைப்பந்து: மூன்று பேர் தாக்க, மூன்று பேர் தடுக்க, நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது.

1968 இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. வென்ற அணியின் டெனிஸ் லாங் 64 புள்ளிகளும், தோற்ற அணியின் ஜீனெட் ஓல்சன் 76 புள்ளிகளும் குவித்தனர். பள்ளி விளையாட்டில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டமான டைட்டில் நைன் வந்தது 1972இல்தான். அதற்கு முந்தைய 1971-72 பள்ளி ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, ஆண்களோ 36 லட்சத்துக்கும் மேல் என்பதோடு வைத்துப் பார்க்கும்போது, அயோவாவின் சிற்றூர்கள் செய்தது எவ்வளவு பெரிது என்பது விளங்கும். ஆறு பேர் கூடைப்பந்து 1993 வரை அங்கே நீடித்தது.

பெயர்களுக்கு நடுவே வரும் கோடு

யூனியன்-விட்டன் என்ற பெயரின் நடுவிலுள்ள சிறு கோடு ஒரு வரலாற்றைச் சொல்கிறது. இரண்டு ஊர்கள் தனித்தனியே பள்ளி நடத்த முடியாமல் ஒன்றானதன் அடையாளம் அது. இத்தகைய இணைப்பு இரண்டு வகைப்படும்.

முதல் வகை ‘கோ-ஆப்’ எனப்படும் கூட்டுறவு ஒப்பந்தம். பள்ளிகள் தனித்தனியாகவே இருக்கும். அணி மட்டும் ஒன்று. வகுப்பு நேரம் முடிந்ததும் ஓர் ஊரின் பிள்ளைகள் இன்னோர் ஊரின் மைதானத்துக்குப் பயிற்சிக்குச் செல்வார்கள். சீருடை நிறம் எது, அணியின் பெயர் எது, சொந்த மண் ஆட்டங்களில் எத்தனை எந்த ஊரில் என்று எல்லாம் எழுத்தில் ஒப்பந்தமாகும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையும் கூட்டப்படுவதால் அந்த அணி மேல் வகுப்புக்கு ஏறக்கூடும். ஆள் இல்லாமல் கைகோத்த பள்ளிகள், கைகோத்த காரணத்தாலேயே தம்மினும் பெரிய பள்ளிகளோடு மோத நேரிடும்.

இரண்டாவது வகை முழு இணைப்பு. பள்ளி மாவட்டங்களே ஒன்றாகி, ஒரு கட்டடம் மூடப்படும். யூனியன், விட்டன் ஆகிய இரண்டு ஊர்களும் பிறகு இன்னும் மூன்று ஊர்களோடு இணைந்தன. பீமன், கான்ராட், லிஸ்கோம், யூனியன், விட்டன் என்ற ஐந்து ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘பிசிஎல்யுடபிள்யு’ என்பதே அந்தப் பள்ளி மாவட்டத்தின் பெயராயிற்று. அந்நியர் வாயில் நுழையாத இந்தப் பெயரை அவர்கள் ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஓர் எழுத்தைக் கைவிட்டால் ஓர் ஊரைக் கைவிட்டதாகும்.

ஒரு பள்ளி ஏன் விலகுகிறது?

காரணங்கள் பல இருந்தாலும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

1. எண்ணிக்கை வேறுபாடு. கூட்டணி அமைந்தபோது எல்லாப் பள்ளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்திருக்கும். நெடுஞ்சாலையோரம் இருந்த பள்ளியோ, இறைச்சிப் பதனிடும் ஆலை வந்த ஊரின் பள்ளியோ வளரும்; மற்றவை தேயும். இருபது ஆண்டுகளில் பெரியது சிறியதன் மூன்று மடங்காகிவிடும். பெரிய பள்ளிக்கு எதிர்ப்பில்லாத வெற்றி அலுப்பூட்டும், சிறியதற்கோ தொடர் தோல்வியால் அணியில் சேரவே ஆள் வராது.

2. தூரம். ஒரு பள்ளி விலகியபின் எண்ணிக்கையை நிரப்பக் கூட்டணி வெளியே பார்க்கும். கிடைக்கும் புதிய உறுப்பினர் மறுமுனையில் இருப்பார். முன்பு நடுவில் இருந்த பள்ளிக்குச் சிக்கலில்லை, ஓரத்தில் இருந்த பள்ளிக்குப் பயணம் இரட்டிப்பாகும். அடுத்து விலகப்போவது அந்த ஓரப் பள்ளிதான் என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

3. தனியார் பள்ளிகள். பொதுப்பள்ளிக்கு எல்லை உண்டு. மதச் சார்புள்ள தனியார் பள்ளி எங்கிருந்தும் மாணவரைச் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையா என்ற பூசல் ஓய்வதில்லை. இலினாய் மாநிலம் எல்லையற்ற பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி வகுப்பை முடிவு செய்கிறது. அதன்படி 200 பேர் 330 பேராகக் கணக்கிடப்படுவர். தொடர்ந்து வெற்றி காணாத பள்ளிகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் இந்தப் பெருக்கல் மாநிலப் போட்டிக்கு மட்டுமே பயன்படும். கூட்டணிக்குள் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் தாமே முகம் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

4. மாணவர் இடம்பெயர்வு. வசிக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள பொதுப்பள்ளியில் சேரும் உரிமையை 1988இல் மினசோட்டா முதலில் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே அயோவாவும் நெப்ராஸ்காவும் அதைப் பின்பற்றின. மாணவரோடு அவருக்கான அரசு நிதியும் நகரும். அணி நடத்த முடியாத பள்ளியிலிருந்து இரண்டு குடும்பங்கள் பக்கத்து ஊருக்குப் பிள்ளைகளை மாற்றினால், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிக்கு அணி நடத்துவது இன்னும் கடினமாகும்.

5. நடுவர் பற்றாக்குறை. 2018-19க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில் நாடு முழுவதும் சுமார் 50,000 பேர் பள்ளி ஆட்ட நடுவர் பணியை விட்டு விலகியதாகத் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. பெற்றோரின் வசைதான் முதற்காரணமாகப் பேசப்பட்டது. நூறு மைல் ஓட்டி வந்து வசை வாங்கிக்கொண்டு திரும்ப யாருக்கும் மனம் வராது. நடுவர் கிடைக்காததால் வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் வியாழக்கிழமைக்கு மாற்றப்படுவது சிற்றூர்களில் இப்போது வழக்கமாகிவிட்டது.

யாரும் சேர்த்துக்கொள்ளாத பள்ளி

விலகும் பள்ளிக்குப் போக்கிடம் இருக்கும். கலைந்த கூட்டணியில் எஞ்சிய பள்ளிகளில் ஒன்றுக்கு அது இல்லாமற் போகலாம். பக்கத்துக் கூட்டணியில் சேர விண்ணப்பித்தால் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். ‘இன்னும் ஐந்தாண்டில் இந்தப் பள்ளி இருக்குமா’ என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும் வாக்கில் வெளிப்படும். கூட்டணி என்பது பள்ளிகள் தாமாக அமைத்துக்கொண்டது என்பதால், சேர்த்துக்கொள்ளும்படி அதை வற்புறுத்துவது பெரும்பாலான மாநிலங்களில் எளிதல்ல. அயோவாவில், தனக்கு ஒத்த அளவும் நியாயமான தூரமும் உள்ள கூட்டணியில் இடம் கிடைக்காத பள்ளி மாநிலக் கல்வித் துறையிடம் முறையிட்டுச் சமரசம் கோர விதி இருக்கிறது. இப்படி ஒரு விதியை எழுதவேண்டி வந்ததே இந்தச் சிக்கல் எவ்வளவு உண்மையானது என்பதற்குச் சான்று.

தனித்து நிற்கும் பள்ளி ‘இன்டிபென்டன்ட்’ என்று அழைக்கப்படும். அதன் விளையாட்டு இயக்குநர், பெரும்பாலும் முழுநேர ஆசிரியராகவும் இருப்பவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியே தொலைபேசியில் எதிரணி தேட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் போனால் வாரியக் கூட்டத்தில் இணைப்பு என்ற சொல் எழும். இணைப்பு எப்போதும் விளையாட்டால் வருவதில்லை. வரி வருமானம், ஆசிரியர் கிடைக்காமை, கட்டடப் பழுது என்று வேறு வலுவான காரணங்கள் இருக்கும். ஆயினும் ‘நம்மால் இன்னும் தனியே முடியும்’ என்று ஊர் வாதாடும்போது அது சுட்டிக்காட்டுவது வெள்ளிக்கிழமை இரவு மைதானத்தில் எரியும் விளக்கைத்தான். அந்த விளக்கு எரிய எதிரணி வேண்டும். எதிரணியை உறுதிசெய்வது கூட்டணி.

செய்தியில் எதைத் தேடுவது?

ஒரு பள்ளி கூட்டணி மாறுகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது நான்கு விவரங்களைத் தேடினால் மீதியை நாமே ஊகித்துவிடலாம்.

முதலாவது, விலகல் எந்தப் பள்ளி ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பது. முன்னறிவிப்புக் காலம் நீண்டிருந்தால் மீதிப் பள்ளிகளுக்கு அட்டவணையைச் சீர்செய்ய நேரம் உண்டு. அடுத்த பருவத்திலிருந்தே என்றால் பலருடைய காலண்டரில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, எஞ்சும் எண்ணிக்கை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பது. மூன்றாவது, எல்லா விளையாட்டுகளுக்குமான விலகலா, கால்பந்துக்கு மட்டுமா என்பது. கால்பந்துக்கு மட்டும் என்றால் அந்தப் பள்ளி எட்டுப் பேரிலிருந்து ஆறு பேர் ஆட்டத்துக்கு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது விவரம் அதே செய்தித்தாளின் வேறு பக்கத்தில் இருக்கும். பள்ளி மாவட்ட நிர்வாகம் அந்த ஆண்டு மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வெளியிடும். ஓர் ஊரில் அது ஏழாக இருந்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியின் இறுதி வகுப்பில் ஏழு பேர் இருப்பார்கள். கூட்டணிக் கூட்டத்துக்கு வரும் பள்ளி முதல்வர்கள் அனைவரும் தத்தம் பள்ளியின் அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த நூலக அறையில் வந்து உட்காருகிறார்கள்.